பிறருக்காக மன்றாடுவது எப்படி? பரிந்துபேசும் ஜெபத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று ஒருவர் கேட்பதும், "கண்டிப்பா பண்றேன்" என்று மற்றவர் சொல்வதும் விசுவாசிகள் நடுவில் நாள்தோறும் நடப்பது. கேட்டவர் நினைவில் வைத்திருப்பார். சொன்னவர் வாசலைத் தாண்டும்போதே மறந்திருப்பார். மறக்காமல் முழங்கால் போடுகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. "ஆண்டவரே, அவரை ஆசீர்வதியும், அவருடைய தேவைகளைச் சந்தியும்" என்பதற்கு மேல் வார்த்தை வராது. அரை நிமிடத்தில் ஆமென் வந்துவிடும். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எதற்கு?

தேவன் எல்லாம் அறிந்தவர். நாம் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரை நம்மைவிட அதிகமாக நேசிப்பவர். பிறகு நாம் வேறு ஏன் சொல்ல வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8இல் இயேசுவே சொல்கிறார். சொன்ன கையோடு அடுத்த வசனத்தில் ஜெபிக்கவும் கற்றுக்கொடுக்கிறார். ஆக, தேவனுக்குச் செய்தி கொண்டுபோவது நம் வேலை இல்லை.

மனமில்லாத தேவனை மன்றாடி மன்றாடி வழிக்குக் கொண்டுவருவதும் நம் வேலை இல்லை. லூக்கா 18இல் வரும் விதவையையும் நியாயாதிபதியையும் காட்டி, "விடாமல் நச்சரித்தால் தேவன் இறங்கி வருவார்" என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. அந்தக் கதையில் நியாயாதிபதி தேவனுக்கு உருவகம் இல்லை, நேர் எதிர். தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத அவனே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், உங்கள் பிதா செய்யாமல் இருப்பாரா என்பதுதான் இயேசு கேட்பது.

அப்படியானால் பரிந்துபேசுதல் என்பது என்ன? யாத்திராகமம் 32ஐத் திறந்து பாருங்கள். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டுவிட்டார்கள். இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன் என்று தேவன் மோசேயிடம் சொல்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒரு நொடியாவது யோசித்திருப்பார்கள். மோசே மறுக்கிறார். மறுநாள் மலையேறிப் போய், இவர்கள் பாவத்தை மன்னியும், இல்லாவிட்டால் நீர் எழுதின புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறார். "அவர்கள் பாவம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று ஓரமாக நின்று சிபாரிசு செய்யவில்லை. அவர்கள் நிற்கிற இடத்தில் போய்த் தானும் நின்றுகொண்டார். எசேக்கியேல் 22:30 இதைத்தான் திறப்பில் நிற்பது என்கிறது. மதில் இடிந்து ஊர் திறந்து கிடக்கிற இடத்தில் ஒரு மனிதர் போய் நிற்கிறார். அங்கே நிற்க ஒருவனைத் தேடினேன், காணேன் என்று தேவன் சொல்லும் வசனம் அது.

மோசே முன்வந்ததைக் கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசம். இன்றும் அவர் பிதாவின் வலதுபாரிசத்தில் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:34 சொல்கிறது, எபிரெயர் 7:25 சொல்கிறது. அதே ரோமர் 8இல், 26ஆம் வசனத்தில், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். ஆக, உங்கள் நண்பருக்காக நீங்கள் முழங்கால் போடும்போது அவருக்கான மன்றாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான். "நான் ஒழுங்காக ஜெபிக்காததால்தான் அவருக்கு இப்படி ஆகிவிட்டதோ" என்று ராத்தூக்கம் கெடுகிறவர்கள் இந்த ஒரு காரியத்தை முதலில் நெஞ்சில் பதித்துக்கொள்வது நல்லது.

மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்லும்போது மனிதர்கள் பரிந்துபேசலாமா என்று சிலர் கேட்பார்கள். அதே அதிகாரத்தின் முதல் வசனம் எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பம் செய்யச் சொல்கிறது. கிறிஸ்துவின் மூலமாகச் செய்வதால் இரண்டுக்கும் முரண் இல்லை. விண்ணகத்தில் இருக்கும் மரியாளிடமும் புனிதர்களிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கலாமா என்பதில் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஒரு பக்கமும் சீர்திருத்தச் சபைகள் மறுபக்கமும் நிற்கின்றன. இங்கே பேசப்போவது எல்லாச் சபையும் ஒத்துக்கொள்கிற பகுதி: உயிரோடிருக்கும் ஒருவர் இன்னொருவருக்காக ஜெபிப்பது.

படி 1: பட்டியலைச் சுருக்குங்கள்

2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக இருந்த பொலிகார்ப்பைக் கைது செய்ய வீரர்கள் வந்தபோது, அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். இரண்டு மணி நேரம் நின்று ஜெபித்தார். தன் வாழ்நாளில் தான் சந்தித்த சிறியவர் பெரியவர் எல்லாரையும், உலகெங்கும் உள்ள சபையையும் நினைத்து ஜெபித்தார் என்று அவர் சபையார் எழுதிவைத்தார்கள். அது ஆயுள் முழுக்க ஜெபித்துப் பழகிய முதியவரால் முடிந்தது. நேற்றுத் தொடங்கியவர் ஐம்பது பேர் கொண்ட பட்டியலோடு உட்கார்ந்தால், பெயர் வாசித்து முடிப்பதே ஜெபமாகிவிடும்.

நான்கைந்து பேர் போதும். யாரைச் சேர்ப்பது என்பதற்குக் கத்தோலிக்கத் திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு நல்ல வரிசை இருக்கிறது. திருச்சபையின் தேவைகள், ஆட்சியாளர்களும் உலகமும், துன்பத்தில் இருப்போர், உள்ளூர்ச் சமூகம். இந்த மன்றாட்டு பழையது. கி.பி. 155 அளவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய விளக்கத்திலேயே விசுவாசிகள் எழுந்து நின்று எல்லாருக்காகவும் பொதுவாக ஜெபிப்பது வருகிறது. இடையில் ரோமை வழிபாட்டில் வழக்கொழிந்து கிடந்ததை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மீட்டுக்கொண்டுவந்தது. இந்த வரிசைப்படி போனால் நம் குடும்பத்தையே சுற்றிச் சுற்றி வருகிற பழக்கம் உடையும்.

என் பங்குக்கு ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கச் சொல்வேன். உங்களைக் காயப்படுத்தியவர். மத்தேயு 5:44இல் இதற்கு விதிவிலக்கு எதுவும் இல்லை. தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை, பெயர் பட்டியலில் இருக்கட்டும். ஒன்று மட்டும்: அவருக்காக ஜெபிப்பது என்றால் அவர் செய்த கொடுமைக்குத் திரும்பவும் தலையைக் கொடுப்பது என்று அர்த்தமில்லை. விலகி இருந்துகொண்டே ஜெபிக்கலாம்.

மற்றவர்களை யார் சுமப்பது என்று கவலை வேண்டாம். 1727 ஆகஸ்டில், சாக்சனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சபையைச் சேர்ந்த 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி ஜெபம் 100 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒருவர் தலையில் விழுந்தது ஒரு மணி நேரம் மட்டுமே.

படி 2: என்ன வேண்டும் என்று கேளுங்கள்

எரிகோ வழியில் பார்வையற்ற பர்திமேயு கூப்பிட்டபோது, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். பார்த்தாலே தெரிகிற தேவை. ஆனாலும் கேட்டார். நாம் கேட்பதில்லை. நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம்.

ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். "வேலை கிடைக்க ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு இப்போ எது ரொம்பப் பாரமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்ல இன்னும் சொல்லல. தினமும் காலையில கிளம்பிப் போற மாதிரி போய்ட்டு வர்றேன்" என்பார். ஜெபக்குறிப்பு அங்கேயே மாறிவிட்டது.

அவர் சொன்னதை யாரிடம் சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்ற முன்னுரையோடு பரவுகிற ஊர்வம்பு சபைக்குள் நடக்கிற பெரிய கொடுமைகளில் ஒன்று என்பது என் எண்ணம். ஒரு வீட்டுக் கண்ணீர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மறுநிமிடம் இருநூறு பேருக்குப் போய்ச் சேர்கிறது. அனுமதி இல்லையென்றால் பெயர் சொல்லாமல், "ஒரு குடும்பத்துக்காக" என்று போடுங்கள். சிலசமயம் அதுவே அடையாளம் காட்டிவிடும், அப்போது போடவே வேண்டாம். நீங்கள் ஒருவரே ஜெபித்தால் போதும்.

படி 3: உங்களையும் அதற்குள் சேருங்கள்

தானியேல் 9ஆம் அதிகாரத்தின் ஜெபம் நீளமானது. எருசலேமின் பாழ்க்கடிப்பு 70 ஆண்டுகளில் முடியும் என்று எரேமியாவின் எழுத்தில் வாசித்துவிட்டு, உபவாசமாக, இரட்டும் சாம்பலுமாக உட்கார்ந்து ஜெபிக்கிறார். வேதத்தில் தானியேலைப் பற்றி ஒரு குற்றம்கூடச் சொல்லப்படவில்லை. அப்படிப்பட்டவர், அவர்கள் பாவம் செய்தார்கள் என்று சொல்லாமல், நாங்கள் பாவம் செய்தோம், அக்கிரமக்காரராய் இருந்தோம் என்கிறார். நெகேமியாவும் முதல் அதிகாரத்தில் நானும் என் தகப்பன் வீட்டாரும் என்றே அறிக்கையிடுகிறார்.

மகனுடைய கோபம் தணிய வேண்டும் என்று ஜெபிக்கிற தகப்பன், அந்தக் கோபத்தை அவன் எந்த வீட்டில் கற்றுக்கொண்டான் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் ஜெபத்தின் தொனியே மாறிவிடும். எல்லாப் பிரச்சினையிலும் நமக்குப் பங்கு உண்டு என்று சொல்லவில்லை. ஒருவருக்குப் புற்றுநோய் வந்ததற்கு நீங்கள் அறிக்கையிட ஒன்றும் இல்லை. அங்கே சேர்ந்துகொள்வது வேறு விதம்: நாளைக்கு எனக்கும் வரக்கூடிய சரீரம்தான் இது என்ற உணர்வோடு உட்கார்வது. இந்தப் படியைத் தாண்டிப் போனால், நமக்கே தெரியாமல் நல்லவர் ஒருவர் கெட்டுப்போனவருக்காகத் தயவு காட்டுகிற தோரணை ஜெபத்தில் ஏறிவிடும். "ஆண்டவரே, இவருக்குப் புத்தியைக் கொடும்" என்பது அந்த ரகம்.

படி 4: கேட்பதை வெளிப்படையாகக் கேளுங்கள்

வேதத்தில் உள்ள மிகச் சுருக்கமான பரிந்துரைகளில் இரண்டு யோவான் சுவிசேஷத்தில் இருக்கின்றன. கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசுவின் தாய், அவர்களுக்குத் திராட்சரசம் இல்லை என்கிறார். பெத்தானியாவிலிருந்து மார்த்தாளும் மரியாளும், ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான் என்று சொல்லியனுப்புகிறார்கள். தண்ணீரை ரசமாக மாற்றும் என்றோ, உடனே புறப்பட்டு வாரும் என்றோ ஒரு வார்த்தை இல்லை. தேவையை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். சகோதரிகள் தங்கள் அன்பைக்கூடச் சொல்லவில்லை, அவருடைய அன்பைத்தான் நினைவூட்டுகிறார்கள்.

மறுபுறம் ஆபிரகாம். ஆதியாகமம் 18இல் சோதோமுக்காக அவர் நடத்துவது பேரம். 50 நீதிமான்கள் இருந்தால்? 45? 40? 30, 20, கடைசியில் 10 வரை இறக்கிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் தான் தூளும் சாம்பலுமானவன் என்ற பயத்தோடு, ஆனால் விடாமல். இரண்டு விதமும் வேதத்தில் உண்டு. என்ன கேட்பது என்று தெரியாதபோது பெத்தானியா வழி நல்லது. தெளிவாகத் தெரியும்போது ஆபிரகாமைப் போலக் குறிப்பாகக் கேட்கலாம். மருத்துவரிடம் போய் மருந்துச் சீட்டை நாமே எழுதி நீட்டுவது போல, இந்தத் தேதிக்குள், இந்த ஆள் மூலமாக, இந்த விதமாக என்று வழியையும் வகுத்துக் கொடுப்பதுதான் உதவாது.

இதில் பவுல் ஒரு தனிப் பள்ளிக்கூடம். எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர் என்று சிறையிலிருந்து எழுதிய நிருபங்களின் தொடக்கத்தில், சபையாருக்காகத் தான் என்ன ஜெபிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கொலோசெயர் 1:9-12ஐ எடுத்து வாசியுங்கள். தேவ சித்தத்தை அறிகிற அறிவு, நற்கிரியைகளில் கனி, பொறுமைக்கும் நீடிய சாந்தத்துக்கும் வேண்டிய பலம், நன்றி. பிலிப்பியர் 1:9இல் அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும் என்கிறார். சூழ்நிலையை மாற்றச் சொல்லி அவர் கேட்பதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. யூதேயாவில் உள்ள எதிராளிகளிடமிருந்து தான் தப்புவிக்கப்பட ஜெபியுங்கள் என்று ரோமர் 15இல் அவரே கேட்டுக்கொள்கிறார். ஆனால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மனிதர் உள்ளே என்ன ஆக வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல்.

இயேசு பேதுருவுக்காகச் செய்த ஜெபமும் அப்படித்தான். சாத்தான் உங்களைக் கோதுமையைப் போலப் புடைக்கக் கேட்டுக்கொண்டான் என்று எச்சரிக்கிறார். புடைக்கப்படாமல் தப்ப ஜெபித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். அன்று ராத்திரியே பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். ஜெபம் கேட்கப்படவில்லையா? கேட்கப்பட்டது. அவன் அழுதான், திரும்பி வந்தான், மற்றவர்களை ஸ்திரப்படுத்தினான். தடுக்கிவிழுந்த பிள்ளைகளுக்காக ஜெபிக்கிற பெற்றோர் இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஜெபிக்கலாம்.

சரி, வேலை போனவருக்காக எப்படி ஜெபிப்பது? இப்படி:

"ஆண்டவரே, தினமும் காலையில் கிளம்பி எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்கிற தைரியத்தை இந்த வாரமே கொடும். கேட்கிற மனைவிக்குப் பொறுமையைக் கொடும். வேலை வேண்டும், அதையும் கேட்கிறோம். வேலை போனதால் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்தப் பொய்யை அவர் நெஞ்சிலிருந்து எடுத்துப்போடும். நானும் அவரை வேலையை வைத்தே மதித்திருக்கிறேன், என்னை மன்னியும்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் அந்த மனிதர் இருக்கிறார்.

"உமக்குச் சித்தமானால்" என்று முடிப்பது பற்றி ஒரு வார்த்தை. கெத்செமனேயில் இயேசு அதைச் சொன்னார். ஆனால் அதற்கு முன்பு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று தன் ஆசையை மறைக்காமல் கேட்டுவிட்டார். கேட்கவேண்டியதைக் கேட்காமலே நேராகச் சித்தத்துக்குத் தாவுவது பணிவு இல்லை. பதில் வராவிட்டால் ஏமாறக் கூடாதே என்று முன்கூட்டியே போட்டுக்கொள்கிற வேலி அது.

படி 5: வார்த்தை தீர்ந்தால் நிறுத்திவிடுங்கள்

அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில் மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நின்றார். என்ன சொல்லி ஜெபித்தார் என்று யாத்திராகமம் 17இல் ஒரு வரி இல்லை. கை அசந்தது, ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆளுக்கொரு கையாகத் தாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கிறது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருக்கலாம். சில சபைகளில் இந்த இடத்தில் அந்நிய பாஷையில் ஜெபிப்பார்கள், சில சபைகளில் ஜெபமாலையோ எழுதப்பட்ட ஜெபமோ கைகொடுக்கும். வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்ற எச்சரிக்கை எல்லாருக்கும் பொது.

படி 6: கூடி ஜெபிக்கும்போது

1857 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்ற சபை ஊழியர், நண்பகல் ஜெபத்துக்கு வரும்படி வேலைக்குப் போகிறவர்களை அழைத்திருந்தார். முதல் அரை மணி நேரம் அவர் மட்டுமே உட்கார்ந்திருந்தார். முடியும்போது ஆறு பேர். சில மாதங்களில் அது பல நகரங்களுக்குப் பரவியது. அந்தக் கூட்டங்களில் ஒரு விதி இருந்தது: யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கவோ பேசவோ கூடாது. எல்லா ஜெபக் கூட்டத்திலும் அந்த அறிவிப்பை எழுதி மாட்டலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. ஒருவர் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை சுற்றிவந்து பிரசங்கத்தை ஜெபமாகச் செய்துகொண்டிருக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக் காத்திருப்பது கூட்டு ஜெபம் ஆகாது. ஒரு பாரத்தை ஒருவர் சொல்லட்டும், நாலு பேர் நாலு வரியில் அதையே ஜெபிக்கட்டும், பிறகு அடுத்தது.

நோயாளியின் கட்டிலருகே என்றால் இன்னும் சுருக்கம். ஜெபிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். யாக்கோபு 5:14 சபையின் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. அழைப்பவர் நோயாளி என்பதை மறந்துவிடக் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

பரிந்துபேசும் ஜெபத்தை அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் 1,802 பைபாஸ் நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. தங்களுக்காக ஜெபிக்கப்படுகிறதா என்று தெரியாத இரு குழுக்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கப்படுவது உறுதியாகத் தெரிந்த குழுவிலோ 59 சதவீதம். இதை வைத்து விசுவாசிகள் பதறவும் வேண்டாம், மற்றவர்கள் கொண்டாடவும் வேண்டாம். அங்கே ஜெபித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது முன்பின் தெரியாத ஒருவரின் முதற்பெயரும், அடுத்த பெயரின் முதல் எழுத்தும், சொல்லவேண்டிய வாசகமும் மட்டுமே. இதுவரை நான் எழுதிய எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த 59ஐப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. "இவ்வளவு பேர் ஜெபிக்கிற அளவுக்கா நம் நிலைமை மோசம்?" என்று நோயாளி பயப்படவும் கூடும். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கதறுவது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 7: எழுதிவைத்து, விடாமல் தொடருங்கள்

1836இல் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தேவைகளை மனிதர்களிடம் கேட்காமல் தேவனிடம் மட்டுமே சொல்வது என்று வைத்திருந்தார். கேட்டதையும் வந்ததையும் தேதியோடு எழுதியும் வைத்தார். அவ்வளவு கணக்கு நமக்கு வேண்டாம். ஒரு சின்ன நோட்டில், இடதுபக்கம் தேதியும் பெயரும் கேட்டதும், வலதுபக்கம் காலியாக. பதில் வரும்போது வலதுபக்கம் நிரம்பும். கேட்டது மாறினால் இடதுபக்கம் அடித்து எழுதுங்கள். மாறத்தான் செய்யும்.

எப்படி மாறும் என்பதற்கு மோனிக்காவைச் சொல்லலாம். மகன் அகுஸ்தீன் விசுவாசத்துக்கு வரவேண்டும் என்று வருடக்கணக்காக அழுதவர். அவர் கண்ணீரைப் பார்த்த ஓர் ஆயர், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். கி.பி. 383இல் மகன் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமுக்குப் புறப்பட்டபோது, அவன் போகக் கூடாது என்று கடற்கரைக்கு அருகில் புனித சிப்ரியான் நினைவாலயத்தில் இரவு முழுவதும் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த இரவிலேயே தாயை ஏமாற்றிவிட்டு மகன் கப்பலேறிவிட்டான். அந்த இத்தாலிப் பயணம்தான் அவனை மிலானில் ஆயர் அம்புரோசிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். அன்றிரவு தாய் கேட்டதை மறுத்தது, அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுக்கத்தான் என்று அகுஸ்தீனே பின்னாளில் தேவனை நோக்கி எழுதினார். மோனிக்காவின் நோட்டில் அந்த ராத்திரிக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்றுதான் எழுதியிருக்க முடியும்.

படி 8: எழுந்து போங்கள்

எருசலேம் மதில் இடிந்து கிடக்கிறது என்று நெகேமியா கேள்விப்பட்டது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும், அந்த இடத்திலேயே மனதுக்குள் ஒரு ஜெபம், அடுத்து மளமளவென்று கோரிக்கைகள்: திரும்பி வரும் காலம், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கும் மதிலுக்கும் மரம் கொடுக்க வனக் காவலன் ஆசாபுக்குக் கடிதம். இதெல்லாம் அந்த நொடியில் தோன்றியிருக்காது. ஜெபித்த மாதங்களில் திட்டமும் உருவாகியிருந்தது. பிறகு மதில் 52 நாளில் எழுந்தது.

ஒருவரை நாள்தோறும் தேவன் முன்னால் நினைத்தால், அவருக்குச் செய்யக்கூடிய ஒன்று உங்களுக்கே தட்டுப்படும். ஒரு போன், ஒரு சிபாரிசுக் கடிதம், பிள்ளையை ஒரு மாலை பார்த்துக்கொள்வது. அது தட்டுப்பட்டபின் செய்யாமல் ஜெபத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், பசியோடிருப்பவரைச் சமாதானத்தோடே போங்கள் என்று அனுப்பிவைப்பதைப் பற்றி யாக்கோபு 2இல் எழுதியதற்கு நாம்தான் உதாரணம்.

பதில் "இல்லை" என்று வந்தால்

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம் என்றதும் நமக்குப் பேதுருவின் விடுதலைதான் நினைவுக்கு வரும். சபை ஊக்கத்தோடே ஜெபித்தது, தூதன் வந்தான், சங்கிலி விழுந்தது, பேதுரு வந்து கதவைத் தட்டினான். ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொன்னபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே உனக்குப் பைத்தியமா என்றார்கள். பெரிய விசுவாசம் இருந்ததால் பதில் வந்தது என்று சொல்ல அங்கே இடமே இல்லை. அதே அதிகாரத்தின் 2ஆம் வசனத்தை எத்தனை பேர் நின்று வாசிக்கிறோம்? யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். யாக்கோபையும் நேசித்த சபைதான் அது. ஒருவர் வீடு வந்தார், ஒருவர் வரவில்லை. ஏன் என்று லூக்கா விளக்கவில்லை.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற வார்த்தை வந்தது. கெத்செமனேயில் இயேசு மூன்று தரம் கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. இவ்வளவும் வேதத்தில் இருக்கும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உங்கள் விசுவாசம் குறைவு" என்று சொல்கிறவர் யாருடைய வேதத்தை வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்ற வசனத்தையும் அடக்க ஆராதனையன்று பையிலேயே வைத்திருங்கள். அவர்களே ஒரு நாள் சொன்னால் சேர்ந்து சொல்லலாம்.

இறந்துபோனவருக்காகத் தொடர்ந்து ஜெபிப்பதா என்பதில் சபைகள் வேறுபடும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஜெபிப்பார்கள், சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். எந்தச் சபையானாலும் மீதியிருக்கிற வீட்டாரின் பெயர்கள் நோட்டில் ஏற வேண்டும். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு வருகிற மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. காலண்டரில் அந்தத் தேதிகளை இப்போதே குறித்துவைத்து, அந்த வாரம் போய்ப் பார்த்து, என்னவென்று ஜெபிக்கட்டும் என்று மறுபடியும் கேளுங்கள்.